தெருவுக்கே கேட் போட்டால்: கேட்டட் கம்யூனிட்டி ஓர் எளிய விளக்கம்

வீட்டுக்குக் கேட் இருப்பது வேறு, தெருவுக்குக் கேட் இருப்பது வேறு. கேட்டட் கம்யூனிட்டி என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இந்த ஒரு வித்தியாசம் போதும். நம் காம்பவுண்டுக்குள் யார் வரலாம் என்று நாம் முடிவு செய்வதில் யாருக்கும் சங்கடம் இல்லை. ஆனால் நாற்பது வீடுகளோ நானூறு வீடுகளோ சேர்ந்து, நடுவில் இருக்கும் சாலை, பூங்கா, விளக்குக் கம்பம், பிள்ளைகள் விளையாடும் இடம் எல்லாவற்றையும் ஒரே சுவருக்குள் வைத்து வாசலில் ஆள் போட்டால், அங்கே தெருவே தனியாருடையதாகிவிடுகிறது. நல்லதும் கெட்டதுமாக இதனால் வரும் மற்ற விளைவுகள் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் போகிறவர்கள் தவளக்குப்பம் தாண்டியதிலிருந்து இந்த விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டே வரலாம். வில்லா, இருபத்து நான்கு மணி நேரப் பாதுகாப்பு, சிசிடிவி, கிளப் ஹவுஸ், நீச்சல் குளம். வாங்குபவர்கள் பலதரப்பட்டவர்கள். வார இறுதிக்கு வந்து போகும் சென்னைக்காரர்கள் உண்டு. பிள்ளைகள் பிரான்சிலோ வளைகுடாவிலோ இருக்க, இங்கே இருவர் மட்டும் தனித்திருக்கும் பெற்றோர் உண்டு. பிரெஞ்சு பென்ஷன் குடும்பங்கள், டாக்டர்கள், நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் உண்டு. இவர்கள் எல்லாரையும் பெரும் பணக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மாதத் தவணை கட்டிக்கொண்டே பராமரிப்புக் கட்டணத்தையும் எண்ணி எண்ணிக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர்.

இதன் வரலாறு அப்படி ஒன்றும் பழையதல்ல. நியூயார்க்குக்கு வெளியே டக்சிடோ பார்க் என்ற வேலி போட்ட குடியிருப்பு 1886இல் தொடங்கியது. பிரேசிலின் சாவ் பாவ்லோ அருகே ஆல்ஃபாவில் 1970களில் வந்தது. நம் நாட்டில் 1991க்குப் பிறகு, ஐ.டி. சம்பளமும் வீட்டுக் கடனும் சேர்ந்து இதை வளர்த்தன. அமெரிக்காவில் இதை ஆராய்ந்தவர்கள் மூன்று வகை சொல்வார்கள்: கோல்ஃப், முதியோர் வசதி என்று வாழ்க்கை முறைக்காகக் கட்டியவை, அந்தஸ்துக்காகக் கட்டியவை, ஏற்கெனவே இருக்கும் தெருவில் குடியிருப்பவர்களே பயத்தில் தடுப்பு வைத்தவை. நம் பக்கத்து விளம்பரங்கள் மூன்றையும் ஒரே பலகையில் எழுதிவிடும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதற்கான உதாரணம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. செஞ்சி சாலைக்கும் ஆம்பூர் சாலைக்கும் நடுவே ஓடும் பெரிய வாய்க்கால்தான் அது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அதற்குக் கிழக்கே, கடலை ஒட்டி, வெள்ளை நகரம். மேற்கே தமிழர்கள் இருந்த கறுப்பு நகரம். இன்றும் டுமாஸ் வீதிப் பக்கம் நடந்தால் உயரமான தோட்டச் சுவரும் மூடிய பெரிய கதவும்தான் தெருவைப் பார்த்து நிற்கும். உள்ளே முற்றம் இருக்கிறதா, மாமரம் இருக்கிறதா என்று போகிறவருக்குத் தெரியாது. வாய்க்காலைத் தாண்டி வைசியாள் வீதிக்கு வாருங்கள். வாசலில் திண்ணை, அதற்கும் முன்னால் தெருவை ஒட்டித் தூண் வைத்து இறக்கிய தாழ்வாரம். மதிய வெயிலில் வருகிறவர் யார் வீடு என்று கேட்காமலே அந்த நிழலில் ஒதுங்கலாம். ஒரு வீடு தெருவிடமிருந்து மறைந்துகொள்கிறது, இன்னொரு வீடு தன் இடத்தில் கொஞ்சத்தைத் தெருவுக்கு விட்டுக்கொடுக்கிறது. கட்டடக் கலை மாணவர்கள் இதற்கு நீண்ட விளக்கம் வைத்திருப்பார்கள், நமக்கு இவ்வளவு போதும்.

ஆனால் திண்ணையை ரொம்பவும் புகழ வேண்டாம். எல்லாச் சாதியாரும் எல்லாத் திண்ணையிலும் உட்கார்ந்துவிடவில்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

உள்ளே இருக்கும் சாலை யாருடையது?

வாங்குகிறவர்களில் பலர் கேட்காத கேள்வி இது. சமூக விளைவு என்று பேசுவதில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள்தான் அடங்கியிருக்கிறது.

கடலூர் மாவட்டத்தில் ஒருவர் பத்து ஏக்கரை மனைகளாகப் பிரித்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது எல்லாரும் டிடிசிபி என்று சொல்லும் அலுவலகத்தின், அனுமதி வேண்டும். அதற்காக உள்ளே போடும் சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தையும் திறந்தவெளியாக அதேபோல எழுதித் தர வேண்டும். புரோக்கர்கள் ஓ.எஸ்.ஆர். என்று சொல்வது இந்த இடத்தைத்தான். பத்து ஏக்கர் என்பது சுமார் 40,000 சதுர மீட்டர். சாலைக்கு 10,000 போனால் மீதி 30,000, அதில் பத்தில் ஒன்று 3,000 சதுர மீட்டர். பிள்ளைகள் தாராளமாக விளையாடலாம். காகிதத்தில் அந்த இடம் ஊராட்சியுடையது. பக்கத்துக் கிராமத்துப் பையன் மட்டையை எடுத்துக்கொண்டு வந்தால் அவனைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

அப்புறம் என்ன நடக்கிறது? மனை விற்கும்போதே வாசலில் வளைவு எழும்பும், சுற்றிச் சுவர் எழும்பும், ஒரு செக்யூரிட்டி கூண்டும் வந்துவிடும். ஊராட்சிக்குக் கொடுத்த சாலைக்குத் தனியார் கேட். ஊராட்சியில் பல நேரம் இதைக் கண்டுகொள்வதில்லை. அவர்களுக்கும் ஒரு சாலையைப் பெருக்கும் வேலை மிச்சம். விற்றவர் கேட்டட் என்று சொல்லிக் கூடுதல் விலை வாங்கியிருப்பார், வாங்கியவரும் அது தன்னுடையது என்று நம்பித்தான் கொடுத்திருப்பார். பிரச்சினை வருவது பத்து வருஷம் கழித்து, பின்பக்கத்து நிலமும் மனையாகி அங்கிருப்பவர்கள் இந்தச் சாலை வழியாகப் போக வழி கேட்கும்போது. அன்றைக்கு தானப் பத்திரத்தைத் தேடி எடுப்பார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. அடுக்குமாடி வளாகம் என்றால் நிலம் பெரும்பாலும் உரிமையாளர்களின் பிரிபடாத பாகமாக, பத்திரத்தில் யுடிஎஸ் என்று வருவதாக, இருக்கும். அங்கே உள்பாதை உண்மையிலேயே அவர்களுடையது. புதுச்சேரிக்கோ தனித் திட்டக் குழுமம், தனி விதிகள். ரெட்டிச்சாவடிப் பக்கம் ஒரு பர்லாங்கு நடந்தால் மாநிலமே மாறிவிடும், அதனால் மனை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

எல்லைத் தகராறு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கிய ஆங்கிலேயக் கம்பெனி, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த ஊர்கள் வரை தனக்கு என்று எடுத்துக்கொண்டது. குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்கள் இன்னும் கடலூரில் இருக்கின்றன. இப்போதைய புரோமோட்டர்களுக்கு பீரங்கி தேவைப்படவில்லை.

வாசலில்

பாதுகாப்புக்காகத்தானே கேட் என்பீர்கள். அதில் நியாயம் இருக்கிறது. நைட் ஷிப்ட் முடித்து பதினொரு மணிக்கு ஸ்கூட்டியில் திரும்பும் பெண்ணுக்கு விளக்கு எரியும் வாசலும் விழித்திருக்கும் ஒரு ஆளும் பெரிய தைரியம். தனியாக இருக்கும் வயதான தம்பதிக்கும் அப்படித்தான். ஆனால் சுவர் போட்டால் திருட்டு நிச்சயம் குறையும் என்று ஆராய்ச்சிகள் ஒருமுகமாகச் சொல்லவில்லை. சில இடங்களில் குறைந்தது, சில இடங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. செலவையும் கொஞ்சம் பாருங்கள். நாற்பது வில்லா, பகலுக்கு இருவர், இரவுக்கு இருவர், ஆளுக்கு ஏஜென்சிக்குக் கொடுப்பது 15,000 ரூபாய் என்றால் மாதம் 60,000, வீட்டுக்கு 1,500. இது காவலுக்கு மட்டும். பாதி வீடு பூட்டிக் கிடந்து அவர்கள் பணம் கட்டாவிட்டால் நான்கு பேர் இரண்டு பேராவார்கள். அப்புறம் அந்த இரண்டு பேரில் ஒருவர் மோட்டார் போடப் போயிருப்பார்.

காலை ஏழு மணிக்கு வாசலில் நின்று பார்த்தால் இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று தெரியும். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் கழுத்தில் போட்டோ ஒட்டிய அட்டை. சைக்கிளை வெளியே சுவரோரம் நிறுத்திவிட்டு, நோட்டில் பெயர், வீட்டு எண், நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கார் வந்தால் கம்பு தானாகத் தூக்கும், எழுதச் சொல்ல மாட்டார்கள். திரும்பும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். ஒரு வீட்டம்மா பழைய புடவையோ மீந்த இட்லியோ கொடுத்திருந்தால், செக்யூரிட்டி அந்த வீட்டுக்கு போன் போட்டு, "ஆமாப்பா, நான்தான் குடுத்தேன்" என்று கேட்டபிறகே விடுவார். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் மற்றவர்கள் பையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நிற்பார்கள். சோதனை போடும் ஆளுக்கும் அவர்களுடைய சம்பளத்தைவிடப் பெரிதாக ஒன்றும் அதிகம் இருக்காது. பன்னிரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், அதுவும் பல இடங்களில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர்.

இங்கேதான் கேட்டட் கம்யூனிட்டியின் பெரிய முரண்பாடு. உள்ளே இருப்பவர்கள் யாரை வெளியே நிறுத்தச் சுவர் கட்டினார்களோ, அதே பக்கத்துக் கிராமத்து ஆட்கள் தினமும் வராமல் அந்த வளாகம் ஒரு நாள்கூட ஓடாது. சமையல், குப்பை, தோட்டம், பிளம்பிங், குழந்தையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர்கள் கையில். சந்தேகமும் அவர்கள் மேல்தான், சார்ந்திருப்பதும் அவர்களைத்தான். இது முற்றிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2017 ஜூலையில் நொய்டாவில் நடந்தது ஓர் உதாரணம். திருட்டுப் பழி சுமத்தப்பட்ட வேலைக்காரப் பெண் இரவு வீடு திரும்பவில்லை. மறுநாள் காலை அவருடைய குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் திரண்டு வந்து வளாகத்தின் கேட்டைத் தகர்த்துக் கல் எறிந்தார்கள். இரு தரப்பும் மாற்றி மாற்றிப் புகார் கொடுத்தன. அந்தக் கேட்டுக்கு இரு பக்கமும் இருந்தவர்கள் அதற்கு முன் வருஷக்கணக்காகத் தினமும் பார்த்துக்கொண்டவர்கள்தான்.

இரட்டைக் கட்டணமும் இல்லாத கவுன்சிலரும்

உள்ளே இருப்பவர்கள் சொத்து வரி கட்டுகிறார்கள். மெயின்டனன்ஸும் கட்டுகிறார்கள். சதுர அடிக்கு 3 ரூபாய் என்றால் 1,200 சதுர அடி வீட்டுக்கு மாதம் 3,600. ஆள் ஒருவருக்கு மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. தண்ணீருக்குச் சொந்த போர்வெல், கரண்ட் போனால் ஜெனரேட்டர், கழிவுநீருக்குச் சொந்தச் சுத்திகரிப்பு. இவ்வளவும் தன் காசில் செய்துகொள்கிறவருக்கு வெளியே நகராட்சிக் குழாயில் தண்ணீர் வருகிறதா, சாக்கடை அடைத்திருக்கிறதா என்பதில் என்ன அக்கறை இருக்கும்? கெட்ட எண்ணம் ஒன்றும் தேவையில்லை. தேவை இல்லாதபோது குரல் தானாக நின்றுவிடும். படித்தவர்கள், ஆபீஸ்களுக்கு மனு எழுதத் தெரிந்தவர்கள், யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டால், மீதிப் பேரின் மனு அலமாரியிலேயே கிடக்கும்.

புதுச்சேரியில் இதற்கு இன்னொரு கோணம் உண்டு. இங்கே உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது, பிறகு 2006இல் நடந்தது. அந்தப் பதவிக் காலம் 2011இல் முடிந்தபின் பல ஆண்டுகளாகத் தேர்தலே இல்லை, வார்டு கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் எம்.எல்.ஏ. வீட்டு வாசலுக்குத்தான் போக வேண்டும். அதே ஊரில் சுவருக்குள் மட்டும் ஆண்டுதோறும் தேர்தல், தலைவர், செயலாளர், பொருளாளர், வரவு செலவு வாசிப்பு, வாட்ஸ்ஆப்பில் நள்ளிரவு வரை சண்டை. சொல்லப்போனால் அங்கேதான் உள்ளாட்சி நடக்கிறது. ஓட்டு மட்டும் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு. வாடகைக்கு இருப்பவர் எத்தனை வருஷம் இருந்தாலும் கூட்டத்தில் பின்வரிசை.

பழைய கதைக்கு வருவோம். ஊர், சேரி என்று பிரித்து வாழ்ந்த சமூகத்துக்குச் சுவர் ஒன்றும் அமெரிக்க இறக்குமதி இல்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் தலித் குடியிருப்பைப் பிரித்து எழுப்பிய சுவரின் ஒரு பகுதி இடிபடுவதற்கு 2008 மே மாதம் வரை ஆனது. கேட்டட் கம்யூனிட்டியும் அதுவும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. இங்கே பணம் இருந்தால் உள்ளே வரலாம், அங்கே பணம் இருந்தாலும் முடியாது. ஆனால் அந்தப் பழைய பிரிவினை புதிய வளாகத்துக்குள் மென்மையான சொற்களில் நுழைகிறது: சைவம் மட்டும், குடும்பங்களுக்கு மட்டும், பேச்சிலர்கள் வேண்டாம், 'நம்ம ஆளுங்க'. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டும் என்று விதி வைத்திருந்த ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் வழக்கில், 2005இல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றே சொன்னது. சங்கம் வைக்கும் உரிமையின் பேரில் யாரை விலக்கலாம் என்ற வாதம் அதோடு முடியவும் இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் கடலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1956இல் தொடங்கிய நெய்வேலி நிறுவனத்தின் டவுன்ஷிப். திட்டமிட்ட வட்டங்கள், மரம் அடர்ந்த சாலைகள், பள்ளி, மருத்துவமனை. ஆனால் வெளியூர்க்காரர் பஸ் ஏறி நேராக உள்ளே போய் இறங்கலாம், சந்தையில் காய் வாங்கலாம். அங்கும் பதவிக்குத் தகுந்த அளவில்தான் வீடு, நிலம் கொடுத்த கிராமங்களின் மனக்குறையும் தனிக்கதை. ஆனாலும் தொழிலாளி மகனும் அதிகாரி மகனும் ஒரே சாலையில் சைக்கிள் ஓட்டினார்கள் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் என்றால் உள்ளே வளர்கிறவர்களுக்கு நிச்சயம் ஒரு லாபம் உண்டு. வண்டிப் பயம் இல்லாமல் இருட்டும் வரை ஓடி விளையாடுகிறார்கள், அந்தச் சுதந்திரம் இன்று லாஸ்பேட்டையிலோ மஞ்சக்குப்பத்திலோ சுலபமாகக் கிடைக்காது. நஷ்டம், அவர்களோடு விளையாடுகிற எல்லாருடைய அப்பாவுக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம்.

மழை கேட்டைக் கேட்டுவிட்டு வராது

கடலூரை வடிகால் மாவட்டம் என்பார்கள். மேற்கே பெய்ததெல்லாம் பெண்ணையாறு, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று இங்கே வந்துதான் கடலைச் சேர வேண்டும். இப்படிப்பட்ட நிலத்தில் நான்கடி கிராவல் கொட்டி உயர்த்தி, சுற்றிலும் அஸ்திவாரத்தோடு சுவர் எழுப்பினால், வழக்கமாக அந்த வயல் வழியே போன தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குப் போகும். 2015 நவம்பர், டிசம்பர் மழையில் கடலூர் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கிருஷ்ணா நகர்ப் பக்கம் ராணுவம் வந்து ஆட்களை மீட்டது. கிருஷ்ணா நகரோ ரெயின்போ நகரோ கேட் போட்டவை அல்ல, தாழ்வான இடங்கள். சுற்றியுள்ள நிலம் ஒவ்வொன்றாக உயர உயர, உயர்த்திக்கொள்ள முடியாதவர்களின் தெரு ஏரியாகிறது. அர்ஜென்டினாவில் சதுப்பு நிலத்தை மேடாக்கிக் கட்டிய நோர்டெல்டா என்ற பெரிய கேட்டட் நகரத்துக்குள் 2021இல் கேபிபாரா என்னும் ராட்சதக் கொறிவிலங்குகள் கூட்டம் கூட்டமாகப் புகுந்து புல்வெளியை மேய்ந்தன. அவற்றின் இடம்தானே அது!

இதற்கெல்லாம் தடை போடுவதுதான் தீர்வா? சீனா 2016 பிப்ரவரியில் இனிமேல் மூடிய குடியிருப்புகள் கட்டக் கூடாது, இருப்பவற்றையும் மெல்லத் திறந்துவிட வேண்டும் என்று அறிவித்தது. உடனே அங்கே குடியிருப்பவர்களிடமிருந்து பெரிய எதிர்ப்பு: சாலைக்கும் சேர்த்துத்தானே நாங்கள் காசு கொடுத்தோம் என்றார்கள். நம் ஊரிலும் அதே பதில்தான் வரும். சின்னச் சின்ன மாற்றங்கள் நடைமுறைக்கு ஏற்றவை என்று எனக்குப் படுகிறது. குருட்டுச் சுவருக்குப் பதில் தெருவைப் பார்க்கும் கம்பி வேலி, தெருப்பக்கத்தில் இரண்டு மூன்று கடைகள், பகல் நேரத்தில் நடந்து போகிறவர்களுக்குத் திறந்திருக்கும் ஒரு சிறு வாசல், சுவருக்கு அடியில் மழைநீர் போகப் போதுமான திறப்பு. வேலைக்கு வருகிறவர்களுக்குக் கழிப்பறையும் உட்கார நிழலும் என்று கேட்பதற்கு விதி எதுவும் தேவையில்லை, சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து பேசினால் போதும்.

நீங்கள் வாங்கப் போகிறவராக இருந்தால் முன்பணம் கொடுப்பதற்கு முன் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல், அல்லது எட்டு வீட்டுக்கு மேல் என்றால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு கட்டாயம், அந்த எண் வேண்டும். அங்கீகரித்த வரைபடத்தில் சாலையும் பூங்காவும் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். பொது இடங்களை எப்போது சங்கத்திடம் ஒப்படைப்பார்கள் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். கடலூர்ப் பக்கத்து மனைப்பிரிவு என்றால் தானப் பத்திர நகலைக் கேளுங்கள். தரத் தயங்கினால், தமிழ்நாடு பதிவுத் துறை இணையதளத்தில் சர்வே எண்ணை வைத்து வில்லங்கம் போட்டு நீங்களே தேடலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.